வேலை போனால் சொக்சோவில் என்ன கிடைக்கும்?

வேலை இழந்த தனியார் துறை ஊழியருக்கு, அடுத்த வேலை கிடைக்கும் வரை கைகொடுப்பது சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டம். 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள இத்திட்டத்திற்குத் தொழிலாளி 0.2 விழுக்காடும் முதலாளி 0.2 விழுக்காடும் மாதந்தோறும் சந்தா செலுத்துகின்றனர்.

யார் கோரலாம்?
ஆட்குறைப்பு, நிறுவனம் மூடப்படுதல், விருப்ப விலகல் திட்டம் ஆகியவற்றால் வேலை இழந்தவர்கள் கோரலாம். தாமாக வேலையை விட்டவர், ஒப்பந்தக் காலம் முடிந்தவர், ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவர், பணி ஓய்வு பெற்றவர் கோர முடியாது. ஆகவே, ஆட்குறைப்பின்போது நிர்வாகம் நீட்டும் ராஜினாமா கடிதத்தில் கையெழுத்திட்டால் இந்த உரிமை கைநழுவக்கூடும். வேலை நீக்கக் கடிதத்தையே கேட்டு வாங்க வேண்டும்.

எவ்வளவு?
சட்டம் நடப்புக்கு வந்தபோது விதிக்கப்பட்ட அளவின்படி, முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாம், நான்காம் மாதங்களில் 40, கடைசி இரு மாதங்களில் 30 விழுக்காடு. எத்தனை மாதங்களுக்குக் கிடைக்கும் என்பது சந்தா செலுத்திய காலத்தைப் பொறுத்தது.

எப்போது?
வேலை இழந்த 60 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உதவித்தொகை பெறும் காலத்தில் வேலை தேடுவதற்கான சான்றையும் காட்ட வேண்டும். சொக்சோவின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் காலி இடங்களைப் பார்க்கலாம். இடையிலேயே வேலை கிடைத்தால், எஞ்சிய தொகையில் 25 விழுக்காடு வழங்கப்படும்.

தோட்டத் தொழிலாளர் கவனத்திற்கு
சொக்சோ தொகை வேறு, முதலாளி தர வேண்டிய இழப்பீடு வேறு. தீபகற்ப மலேசியாவில் 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஆட்குறைப்புக்கு உள்ளானவர் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் வேலை செய்திருந்தால் ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் இழப்பீடாகக் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தி வைப்பது அவசியம்.