ஆண்ட்ரூ முதல் ஜாப்பா வரை: ஒரு சொல்லின் வரலாறு

1980களில், இராணுவ ஆட்சிக்கால நைஜீரியத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் வந்தது. மின்சாரமும் தண்ணீரும் இல்லாத நாட்டைவிட்டுப் புறப்படுகிறான் ஆண்ட்ரூ என்னும் இளைஞன். அவனைத் தடுப்பதே விளம்பரத்தின் நோக்கம். ஆனால் 1986இல் கட்டமைப்புச் சீரமைப்புத் திட்டம் வந்தது, நைரா மதிப்பிழந்தது, பேராசிரியர்களும் மருத்துவர்களும் வெளியேறினர். ‘ஆண்ட்ரூ’ அவர்களுக்கெல்லாம் பொதுப்பெயராயிற்று.

இன்றைய இளைஞர் வழங்குவது ‘ஜாப்பா’ என்னும் யொரூபாச் சொல்: தப்பி ஓடுதல் என்பது பொருள். காவல்துறை வன்முறைக்கு எதிராக லாகோசின் லெக்கி சுங்கச்சாவடியில் திரண்டோர்மீது 2020 அக்டோபர் 20 அன்று இராணுவம் சுட்டது. அதன்பின் அச்சொல் எங்கும் ஒலித்தது.

முன்னது வெளியேறுபவனைச் சுட்டிய பெயர், பின்னது வினை. துரத்துவோர் இன்றித் தப்பி ஓடுதல் ஏது? பழி இடம் மாறியதை மொழி பதிவுசெய்திருக்கிறது.