அடுக்களையில் வளர்ந்த விலங்கு: கினிப் பன்றியின் இயல்பும் ரோமமும்

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில் வாழ்ந்த மக்கள், புல்வெளிகளில் சிறு கூட்டங்களாகத் திரிந்த ஒரு காட்டுக் கொறிவிலங்கைப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இறைச்சிக்காக வீட்டுக்குள் கொண்டுவந்து பழக்கினர். கூய் என்று அங்கே அழைக்கப்படும் அவ்விலங்கே இன்று உலகெங்கும் செல்லப் பிராணியாக வளர்க்கப்படும் கினிப் பன்றி. அதற்கெனத் தனிக் கொட்டில் அமைக்கும் வழக்கம் பெரும்பாலும் இருந்ததில்லை. அடுப்பின் வெதுவெதுப்பு படரும் சமையலறைத் தரையிலேயே அது கூட்டமாக உலவி, காய்கறித் தோலையும் பறித்துப் போட்ட புல்லையும் தின்று பெருகியது. அதன் இயல்புகளில் பலவற்றை விளங்கிக்கொள்ள, கூண்டை விட்டுவிட்டு அந்த அடுக்களையிலிருந்து தொடங்குவதே முறையாகும்.

நிழல் சட்டெனக் கடந்தால் கல்லாய் உறைந்து நிற்பதும், ஒன்று ஓடினால் எல்லாம் சேர்ந்து மறைவிடம் தேடுவதும், வளை தோண்டத் தெரியாமல் புல் மறைவையே நம்பி வாழ்ந்த காட்டு மூதாதையின் எச்சங்கள். ஆகவே புதிதாக வாங்கிய விலங்கு மூலையில் ஒடுங்கிக் கிடப்பதை நோயென்றோ முரட்டுத்தனமென்றோ கொள்வது தவறு. காட்டுக் கேவிகளையும் (கேவி என்பது இவ்விலங்குக் குடும்பத்தின் பெயர்) வீட்டினத்தையும் ஜெர்மனியில் ஒப்பிட்டு ஆராய்ந்து 1999இல் முடிவுகளை வெளியிட்ட குன்ஸ்ல், சாக்சர் ஆகியோர், வீட்டினம் தன் இனத்தோடு குறைவாகச் சண்டையிடுவதையும், மிகுதியாக நட்புப் பாராட்டுவதையும், அச்சமூட்டும் சூழலில் அதன் உடல் சுரக்கும் நெருக்கடி ஹார்மோன் குறைவாக இருப்பதையும் கண்டனர். தீனிப் பையின் சலசலப்பைக் கேட்டதும் எழும் அந்தக் கீச்சொலி மனிதனோடு வாழ்ந்த வாழ்க்கையில் வலுப்பெற்றது என்று கருத இடமுண்டு.

ரோமத்தின் வரலாறு இதைவிடச் சிக்கலானது. காட்டினத்தின் ஒவ்வொரு மயிரிலும் கரும்பட்டையும் வெளிர்பட்டையும் மாறி மாறி வருவதால் உடல் முழுவதும் மங்கிய பழுப்பாகத் தோன்றும். அகூட்டி எனப்படும் இந்நிறம் புல்லிடையே மறைந்துகொள்ள உதவியது. பருந்துக்கு அஞ்ச வேண்டாத அடுக்களையிலோ வெள்ளையும் கருப்பும் செம்பழுப்பும் தடையின்றிப் பெருகின. தென் பெருவில் உள்ள எல் யாரல் என்னுமிடத்தில், இன்காக்களுக்கு முற்பட்ட சிரிபாயா மக்களின் வீட்டுத் தரைகளுக்கடியில் பலியாகப் புதைக்கப்பட்ட கூய்கள், பாலைநிலத்தின் வறட்சியால் ரோமத்தோடு கெடாமல் கிடைத்துள்ளன. ஸ்பானியர் வந்த பின்னும் இப்பலிகள் நிற்கவில்லை என்பதற்கு, மக்களின் பழைய வழிபாட்டை ஒழிக்க முனைந்த பாதிரியார் அர்ரியாகா 1621இல் வெளியிட்ட நூலே, அவர் விரும்பாமலேயே, சான்றாகிவிட்டது. கருநிறக் கூயை நோயாளியின் உடலில் தடவி, பின் அதை அறுத்து உள்ளுறுப்புகளைப் பார்த்து நோயறியும் முறை இன்றும் ஆண்டிஸ் நாட்டு வைத்தியரிடம் உண்டு.

பதினாறாம் நூற்றாண்டில் கப்பலேறிய இவ்விலங்கை 1554இல் சுவிட்சர்லாந்தின் இயற்கை ஆய்வாளர் கெஸ்னர் தம் நூலில் விவரித்தார். ஐரோப்பியச் செல்வர் இல்லங்களில் அது தின்பண்டமாகாமல் விளையாட்டுப் பொருளானது. பின்னாளில் இங்கிலாந்தின் ஆர்வலர்கள் காட்சிப் போட்டிகளுக்கென இனங்களை வகுத்தபோது, உடலெங்கும் சுழிகள் கொண்டதற்கு அபிசீனியன் என்றும் நீள்மயிர் கொண்டதற்குப் பெருவியன் என்றும் பெயரிட்டனர். அபிசீனியாவோடு அதற்கு எவ்வித உறவும் இல்லை. பெருவிலோ குட்டைமயிர், சுழிமயிர், நீள்மயிர், சுருள்மயிர் என நான்கு வகையாகப் பிரித்து, இறைச்சிக்குக் குட்டைமயிர் வகையையே மேலாக மதிக்கின்றனர். தமிழ்நாட்டு மாட்டுச் சந்தையில் சுழி பார்த்து விலை பேசுவோருக்கு, மயிரின் போக்கு விலங்கின் மதிப்பைத் தீர்மானிப்பதில் வியப்பிருக்காது.

இச்சுழிகளும் நிறங்களும் எப்படித் தலைமுறை கடக்கின்றன என்பதை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் காஸில் ஆராய்ந்து 1905இல் வெளியிட்டார். 1911இல் பெருவுக்கே சென்று அங்கிருந்து விலங்குகளைக் கொண்டுவந்தார். அவரிடம் பயின்ற சூவல் ரைட், அமெரிக்க வேளாண்துறை 1906 முதல் உடன்பிறப்புகளையே இணைத்து வளர்த்துவந்த கூட்டங்களை ஆராய்ந்து, 1920இல் ஒரு முடிவை முன்வைத்தார். மரபால் ஏறத்தாழ ஒன்றுபோலாகிவிட்ட ஒரே குடும்பத்திலும் வெள்ளைத் திட்டுகளின் பரப்பு குட்டிக்குக் குட்டி வெகுவாக மாறுபட்டது. அவ்வேறுபாட்டின் பெரும்பகுதி மரபிலோ தீனியிலோ இல்லை, கருவளர்ச்சியின்போது நேரும் தற்செயல்களில் இருந்தது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகள் வெவ்வேறு திட்டுகளோடு இருப்பது கலப்படத்தின் அடையாளமென்று ஐயுறும் வளர்ப்போருக்கு இது போதிய விடை. காதுக்குப் பின்னால் தென்படும் மயிரற்ற சிறு இடமும், வால் எலும்பருகே எண்ணெய்ச் சுரப்பியால் பிசுபிசுக்கும் ரோமமும், கண்ணில் அவ்வப்போது ஊறும் பால் போன்ற நீரை முன்னங்காலால் முகத்தில் தேய்த்துக்கொள்வதும் இவ்வாறே இயல்பானவை. ரோமம் கொத்தாக உதிர்ந்து தோல் செதிலாகி, விலங்கு ஓயாது சொறிந்தால் மருத்துவரை நாட வேண்டும்.