காந்தத் திரவம்

காந்தத்தை அருகே கொண்டுபோனால் மேற்பரப்பில் முள்முள்ளாக எழுந்து நிற்கும் கரிய திரவம். எடையற்ற விண்வெளியில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுத்து எஞ்சினுக்குள் செலுத்தும் நோக்கத்தோடு 1963-இல் நாசா பொறியாளர் ஸ்டீவ் பேப்பல் இதை உருவாக்கினார். அவர் எண்ணெயில் போட்டுப் பல நாட்கள் அரைத்தது மேக்னடைட் என்னும் இரும்புக் கனிமம். சேலத்துக்கு மேற்கே கஞ்சமலையில் குவார்ட்ஸுடன் பட்டை பட்டையாகக் கிடப்பதும் அதுவே.

கஞ்சமலைத் தாதுவில் இரும்பு சுமார் 35 விழுக்காடு. மலையிலிருந்து அரித்து வரும் துகள்கள் ஓடை மணலில் கறுப்பாக ஒதுங்குகின்றன. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பாலித்தீன் பையில் சுற்றி மணலில் புரட்டினால் ஒட்டிக்கொள்ளும். பையை உரித்தால் தூள் உதிரும். அதை எண்ணெயில் குழைத்துக் காந்தம் காட்டினால் மயிர்க்கூச்செறிந்ததுபோல் சிலிர்க்கும். மாணவர்கள் அவசியம் செய்து பார்க்க வேண்டிய சோதனை இது. ஆனாலும் இந்தக் குழம்பு காந்தத் திரவம் ஆகாது. சிறிது நேரத்தில் தூள் அடியில் தங்கி, எண்ணெய் தெளிந்துவிடும்.

துகளின் அளவுதான் காரணம். மணல் துகள் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருக்கலாம். காந்தத் திரவத்தின் துகளோ லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 10 நானோமீட்டர். அவ்வளவு சிறியதை, சுற்றியுள்ள மூலக்கூறுகள் ஓயாமல் மோதி மிதக்கவைக்கின்றன. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாமலிருக்க ஒலியிக் அமிலம் மேலே உறைபோல் படிகிறது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் திரவம் நிலைக்காது. மணல் குழம்புக்கு நெருங்கிய உறவு, 1940-களின் இறுதியில் அமெரிக்காவில் ஜேக்கப் ராபினோ உருவாக்கிய, காந்தப்புலத்தில் கெட்டிப்படும் திரவம்.

இவ்வளவு நுண்ணிய துகளை அரைத்து எடுப்பதைவிட வேதிமுறையில் விளைவிப்பது எளிது. மின்சுற்றுப் பலகை அரிக்கப் பயன்படும் பெரிக் குளோரைடின் ஒரு பகுதியை இரும்பு நாரால் பெர்ரஸ் உப்பாக்கி, பெரிக் இரண்டு பங்குக்குப் பெர்ரஸ் ஒரு பங்கு என்று கலந்து அம்மோனியா சேர்த்தால் மேக்னடைட் கறுப்பாக வீழ்படியும். பிறகு ஒலியிக் அமிலம், கடைசியில் மண்ணெண்ணெய். அம்மோனியா ஆவி கண்ணையும் மூச்சுக்குழலையும் தாக்கும், மண்ணெண்ணெய் தீப்பற்றும். வீட்டுச் சமையலறை இதற்கு ஏற்ற இடமே அல்ல. பள்ளி ஆய்வகத்தில், காற்றோட்டத்தோடு, கண்ணாடியும் கையுறையும் அணிந்து, வேதியியல் ஆசிரியர் முன்னிலையில் செய்வதே முறை.

ஒலிபெருக்கிச் சுருளைக் குளிர்விக்கவும், சுழல் தண்டுகளில் காற்றுப் புகாமல் அடைக்கவும் இத்திரவம் பயன்படுகிறது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், இதைக் கொண்டு செய்த பால்மத்தின் நிறமாற்றத்தால் இரும்புப் பொருள்களின் உட்குறைகளைக் கண்டறியும் உணரிகளை ஆராய்ந்துள்ளனர்.