துப்பாக்கி இல்லாத மர்மப்படம்

1989ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவர்களாக இருந்த நாங்கள் ஐவர், விடுமுறையொன்றில் எனது ஊரான நயினாதீவுக்கு வந்து இருபது நிமிட மர்மப்படம் ஒன்றை எடுத்தோம். கலியாண வீடுகளில் படம்பிடிக்கும் ஒருவரிடம் வாடகைக்குப் பெற்ற வி.எச்.எஸ். கமராவே எமது ஒரே முதலீடு.

எமக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராக இருந்த தர்மசேன பத்திராஜ இயக்கி, காவலூர் இராஜதுரை எழுதிய 'பொன்மணி' 1977இல் வெளிவந்தது. வளாகத்தைச் சார்ந்த பலர் அதில் நடித்தனர். அடுத்த ஆண்டு, செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவலைப் பிரேம்நாத் மொறாயஸ் படமாக்கினார். நெடுந்தீவிலே நிகழும் அக்கதையை மன்னார்ப் பேசாலையில் படம்பிடித்தார்கள். தொழில்முறை நடிகர்கள் இன்றியும் படம் எடுக்கலாம், ஒரு கரை இன்னொரு கரையாகத் தோன்றலாம் என்பவற்றை இவ்விரு படங்களிலிருந்தும் அறிந்துகொண்டோம்.

எமது கதையில் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. ஆனால் அது இந்திய அமைதிப்படை நிலைகொண்டிருந்த காலம். மரத்தினால் செய்த பொம்மைத் துப்பாக்கியோடு சோதனையில் அகப்பட்டாலும் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே துப்பாக்கியை நீக்கினோம். அதற்குப் பதிலாக, எவரும் திறந்து பார்க்காத ஒரு பயணப்பையை வைத்தோம். பையில் என்ன இருக்கின்றது என்பதை இறுதிவரை காட்டவில்லை. துப்பாக்கியைக் காட்டியிருந்தால் கிடைத்திராத அச்சம் அப்பையினால் கிடைத்தது. சொல்லாமல் விடுவதன் வலிமையை அன்றுதான் உணர்ந்தேன்.

இரண்டாவது பாடம் தொடர்ச்சி பற்றியது. காலையில் எடுத்த காட்சியின் மிகுதியை மாலையில் எடுத்தபோது கடல் வற்றியிருந்தது. நிழல் மறுபக்கம் விழுந்தது. இரண்டு டெக்குகளை இணைத்துக் காட்சிகளை ஒட்டியபோதுதான் பிழை தெரிந்தது. பின்னாளில், ஒரே சம்பவத்தைப் பற்றி இருவர் தந்த தகவல்களில் நேரமும் இடமும் பொருந்துகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்கு அங்கிருந்தே வந்தது.

மூன்றாவது பாடத்தை நாம் எதிர்பார்க்கவில்லை. படத்தின் முடிவில், இருட்டும் வேளையில் ஒரு பெண் இறங்குதுறையில் காத்திருப்பாள். வரவேண்டிய படகு வராது. ஜெனரேற்றர் வைத்து ஊரவர்க்கு அதனைக் காட்டினோம். அக்காட்சியில் ஓர் ஆச்சி எழுந்துவிட்டார்.

"மோனை, வள்ளம் வருமெண்டு பாத்துக்கொண்டு நிக்கிறது உங்களுக்கு விளையாட்டே?"

1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கி வந்த குமுதினிப் படகிலே குறைந்தது 23 பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். கடற்படையினரே அதனைச் செய்ததாக உயிர் தப்பியோர் சாட்சியம் அளித்தனர். அப்படகில் உறவினர் ஒருவரை இழந்தவர் அந்த ஆச்சி. நான்கு ஆண்டுகளே கடந்திருந்த அத்துயரை, பார்ப்போரைப் பதைபதைக்க வைக்கும் உத்தியாக நாம் பயன்படுத்தியிருக்கின்றோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அன்றிரவே அக்காட்சியை வெட்டினோம். முடிவு இல்லாத மர்மப்படமாக அது நின்றுபோயிற்று.

இடப்பெயர்வுகளில் அந்தக் கசெற்றும் தொலைந்தது. அதற்காக நான் பெரிதும் வருந்தியதில்லை. பத்திரிகைப் பணியில் எத்தனையோ மரணங்களைச் செய்தியாக்க நேர்ந்தது. தலைப்பைச் சற்றுக் கூர்மையாக்கினால் வாசகரைத் திடுக்கிடச் செய்யலாம் என்ற எண்ணம் எழும் ஒவ்வொரு முறையும் அந்த ஆச்சியின் கேள்வி குறுக்கே வந்து நிற்கும். பல தலைப்புகளை அதனால் மாற்றியிருக்கின்றேன்.