ஒரு பெஞ்சின் சரித்திரம்

பிரயாணிக்கு முதற்கவலை சோறு. படுக்க இடமில்லையென்றால் சத்திரத்துத் திண்ணையிலோ ரயில் மேடையிலோ ஓரிரவைத் தள்ளிவிடலாம். பசியை அப்படித் தள்ள முடியாது. ஆகவே ஒரு சமூகம் மனிதனை எப்படி மதிக்கிறதென்று அறிய அதன் சாஸ்திரங்களைப் புரட்ட வேண்டுவதில்லை. வழிப்போக்கனை எங்கே உட்கார வைத்து இலை போடுகிறதென்று பார்த்தால் போதும்.

நம் முன்னோர் விட்டுவந்த நாட்டில் இக்காரியம் நடந்த லட்சணத்தை இன்றைய வாலிபர்கள் எளிதில் நம்பமாட்டார்கள். ரயில் நிலையத்துச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கு ஓரிடம், மற்றவருக்கு ஓரிடம். ஒரே வகுப்புச் சீட்டு வாங்கி, ஒரே பலகையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்தவர்கள், இட்டிலி தின்ன இறங்கியதும் இரு ஜாதியானார்கள்! வண்டியில் ஒட்டாத தீட்டு சாம்பாரில் ஒட்டிக்கொள்வது என்ன விஞ்ஞானமோ, நமக்கு விளங்கவில்லை. ஆதிதிராவிடருக்கோ பல ஊர்க் கடைகளில் உட்காரவே இடமில்லை. வெளியே நின்று தனிக்குவளையில் வாங்கிக் குடிக்க வேண்டும்.

சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்ட தகராறு 1925-ஆம் ஆண்டை ஒட்டித் தமிழ்நாட்டையே கலக்கிற்று. ரயில்வேயில் அப்பிரிவினை 1941-இல்தான் ஒழிந்தது. 1950-இல் அமுலுக்கு வந்த இந்திய அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, ஜாதியைக் காட்டிக் கடையிலும் ஓட்டலிலும் எவரையும் தடுக்கலாகாதென்று விதித்தது. அதற்குப் பின்னும் ‘பிராமணாள்’ என்ற பலகை இறங்கவில்லை. 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே முன் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து, நூற்றுக்கணக்கானோர் சிறை சென்ற பிறகே அந்த ஒரு சொல் அழிந்தது. ஒரு சொல்லுக்கு இவ்வளவு விலை!

மலாயாவுக்குக் கப்பலேறிய நம்மவர் மூட்டையோடு ஜாதியையும் கட்டிக்கொண்டே வந்தனர். கங்காணி தன் ஊர், தன் உறவு என்று ஆள் திரட்டியபடியால் பல தோட்டங்களில் லயங்கள்கூட ஜாதிவாரியாக நின்றன. 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்திறங்கிச் சமத்துவம் பேசியது இத்தகைய ஜனங்களிடந்தான்.

அதே 1929-ஆம் ஆண்டில் ரஸ்ஸல் என்ற வெள்ளையர் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1885-இல் வில்லியம் கேமரன் அளக்கவந்த இம்மலை ஓராங் அஸ்லி மக்களின் காடு. இங்கே அக்கிரகாரமுமில்லை, சேரியுமில்லை. வெள்ளைக்காரர் தமக்கு வேண்டியதைத் தாமே கட்டிக்கொண்டார்கள். பிரிஞ்சாங் போகும் வழியில் 1937-ஐ ஒட்டி எழுந்த ஸ்மோக் ஹவுஸ் விடுதி இங்கிலாந்துக் கிராமத்துச் சாயலில் நிற்கிறது; அது யாருக்காகக் கட்டப்பட்டதென்று சொல்லவேண்டியதில்லை. தமிழனுடைய சாப்பாட்டுக் கடையோ நாலு மேசை, இரண்டு பெஞ்சு. இரண்டு பந்தி போட அதில் இடமேது? உபதேசம் செய்யாததைப் பாதி அளவாவது அந்த இடநெருக்கடி செய்தது என்பது நம் அபிப்பிராயம்.

இதை நன்றாகக் காண அக்டோபர், நவம்பர் மாதங்களில் போக வேண்டும். பள்ளி விடுமுறையில் பிரிஞ்சாங் கார்க்காரர்களின் ஊர். ஸ்டிராபெரி விற்பவன் குரலைத் தவிர வேறொன்றும் காதில் விழாது. மழை கனத்துவிட்டால் ஏறக்குறைய 5,000 அடி உயரத்துக் குளிரில் மிஞ்சுகிறவர்கள் உள்ளூராரே. அவர்களை நம்பித்தான் அப்போது அடுப்பு எரிகிறது. சென்ற மழைக்காலத்தில் நாம் உட்கார்ந்த பெஞ்சில் காய்கறி லாரி ஓட்டுகிற சீனர் ஒருவர், கொழுந்து பறித்து ஓய்ந்த அம்மையார் ஒருவர். மலையில் விளைந்த முட்டைக்கோசுப் பொரியல், ரசம், அப்பளம் எல்லா இலைக்கும் ஒரே கரண்டியில் வந்தன. “கோழியா, மீனா?” என்பதைத் தவிரக் கடைக்காரர் எவரையும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் வேறொரு கடை, பெயர் வேண்டாம். இன்று இத்தோட்டங்களில் வேலை செய்வோரில் பலர் வங்காள தேசம், நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களில் மூவர் பொட்டலம் வாங்கி ஐந்தடி நடைபாதையில் நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தனர். உள்ளே ஆறு மேசை காலி. ஏனென்று கேட்டோம்.

“அவங்களே உள்ளே வரமாட்டாங்க, ஐயா,” என்றார் கடைக்காரர்.

இந்தப் பதிலை நம் பாட்டன்மார் வேறு ஊரில், வேறு வாயால் கேட்டிருக்கிறார்கள். வெளியே சென்று மூவரையும் அழைத்தோம். இருவர் தயங்கித் தயங்கி வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தனர். மூன்றாமவர் வேலைக்கு நேரமாயிற்றென்று சைகை காட்டிவிட்டு, பொட்டலத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு மழையில் இறங்கினார்.