பிள்ளையை இழந்தவர்களின் பொம்மை: ஒரு திகில் கருவின் வரலாறு

டேவிட் எஃப். சாண்ட்பெர்க் இயக்கி 2017-இல் வெளிவந்த ‘அனபெல்: கிரியேஷன்’ படத்தில் பேயை வீட்டுக்குள் அழைத்து வருபவர்கள் பெற்றோரே. சாமுவேல் மலின்ஸ் பொம்மை செய்பவர். வழியில் நின்றுபோன காருக்குச் சக்கரம் மாட்டும்போது நட்டு ஒன்று சாலையில் உருண்டோடுகிறது. அதை எடுக்க ஓடிய மகள் அவர் கண்முன்னே வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். மகளை மறுபடி காட்டுகிற சக்தி எதுவானாலும் சரி என்று அவரும் மனைவி எஸ்தரும் மன்றாடுகிறார்கள். வீட்டில் மகளின் சாயல் தென்படத் தொடங்குகிறது. பிறகு அது அனுமதி கேட்கிறது, அப்பா செய்த பொம்மைக்குள் குடியேறலாமா என்று. பெற்றோர் சம்மதிக்கிறார்கள். வந்தது மகள் அல்ல என்று உணர்வதற்குள் எஸ்தர் ஒரு கண்ணை இழந்துவிடுகிறாள். பைபிள் தாள்கள் ஒட்டிய அறைக்குள் பொம்மையை அடைத்துப் பூட்டுகிறார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அநாதைச் சிறுமிகளுக்கு அந்த வீட்டில் இடம் கொடுக்கும்போது பூட்டும் திறந்துகொள்கிறது.

பெற்றோர் தரும் அந்தச் சம்மதம்தான் படத்தின் மையம். இதே வரிசையில் 2014-இல் ஜான் ஆர். லியோனெட்டி இயக்கிய ‘அனபெல்’ படத்தில் பொம்மைக்குத் தீமை வந்த வழி வேறு. சாத்தானை வழிபடும் கும்பல் ஒன்று வீடு புகுந்து கொலை செய்கிறது. கொலையாளிப் பெண்ணின் ரத்தம் பொம்மைமீது சொட்டுகிறது. மூன்றே ஆண்டுகளில் அந்த மூலக்கதைக்கு முன்னால் பெற்றோரின் துயரம் வந்து நின்றுவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் பொம்மையை நாடுவது மிகப் பழைய வழக்கம். ஆனால் பொம்மைத் திகில் படங்கள் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அந்த வழக்கத்தின் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. திரும்பியபோது, அந்த வழக்கத்துக்குக் காவலாக நின்ற ஊரையும் சடங்கையும் விட்டுவிட்டுத் துயரத்தை மட்டும் எடுத்துக்கொண்டன. இவற்றின் அச்சம் இந்த இடைவெளியிலிருந்தே பிறக்கிறது என்பது என் வாதம்.

வழக்கத்திலிருந்து தொடங்கலாம். இரட்டைப் பிள்ளைகள் அதிகம் பிறக்கும் சமூகங்களில் ஒன்று, மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா மக்கள். இரட்டையரில் ஒரு பிள்ளை இறந்தால், குறிசொல்லும் பூசாரியைக் கேட்டு, சிற்பியிடம் மரத்தில் ஒரு சிறு உருவம் செதுக்கி வாங்குவார்கள். அதன் பெயர் இபெஜி. தாய் அதைக் குளிப்பாட்டுவாள், செம்மரப் பொடி பூசுவாள், ஆடை மணி அணிவிப்பாள், உயிரோடிருக்கும் பிள்ளைக்கு ஊட்டும்போது அதற்கும் ஊட்டுவாள். அருங்காட்சியகங்களில் இன்று காணப்படும் பழைய இபெஜிகள் பலவற்றில் மூக்கும் உதடும் தேய்ந்து மழுங்கியிருக்கின்றன. பல ஆண்டுகள் தடவித் தடவிக் கழுவிய கைகளின் தேய்மானம் அது. அந்த முகங்களைப் பார்க்கும் எவருக்கும் அச்சம் தோன்றுவதில்லை என்றே நினைக்கிறேன்.

ஜப்பானின் வடக்கே, அவோமோரி மாநிலத்தின் கவாகுரா ஜிசோ கோயிலில் வரிசை வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள் உள்ளன. உள்ளே மணப்பெண் பொம்மை, அதனருகே இறந்தவரின் புகைப்படம். போரில் மணமாகாமலே மடிந்த வீரர்களுக்கும், சிறுவயதில் இறந்துபோன பிள்ளைகளுக்கும் பெற்றோர் செய்துவைக்கும் மறுவுலகத் திருமணம் இது. ஹொக்கைடோவின் மன்னென்ஜி கோயிலில் உள்ள ஒகிகு பொம்மையின் கதையும் துயரத்தில்தான் தொடங்குகிறது. 1918-இல் அண்ணன் தங்கைக்கு வாங்கித் தந்த பொம்மை அது. சிறுமி இறந்தபின் குடும்பத்தார் வீட்டுப் பூசைமாடத்தில் வைத்தார்கள். அதன் முடி வளர்ந்தது என்கிறார்கள். 1938-இல் ஊரைவிட்டுப் போகும்போது கோயிலில் ஒப்படைத்தார்கள். ஊர்வாய்க் கதை இது. ஆனாலும் அந்தக் குடும்பம் பொம்மையை என்ன செய்தது என்பது கவனத்துக்குரியது. எறியவில்லை, பூட்டவில்லை, பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் கையில் கொடுத்தது.

ஐரோப்பியச் சிந்தனை பொம்மையை வேறு பக்கமிருந்து அணுகியது. எழுத்தாளர் ஹாஃப்மன் 1816-இல் வெளியிட்ட ‘மணல் மனிதன்’ கதையில் இளைஞன் ஒருவன் ஒலிம்பியா என்ற இயந்திரப் பெண்ணை உயிருள்ளவள் என்று நம்பிக் காதலிக்கிறான். ஓர் உருவத்துக்கு உயிர் உண்டா இல்லையா என்ற ஐயமே அமானுட உணர்வின் ஊற்று என்றார் மனநல மருத்துவர் எர்ன்ஸ்ட் யென்ட்ஷ், 1906-இல். சிக்மண்ட் ஃபிராய்டு 1919-இல் அதை மறுத்தெழுதினார். பொம்மைக்கு உயிர் வந்துவிடுமோ என்று குழந்தைகள் அஞ்சுவதில்லை, உயிர் வரவேண்டும் என்று ஆசைப்படவும் கூடும் என்பது அவர் சுட்டிக்காட்டிய உண்மை. திரைப்படம் நெடுங்காலம் யென்ட்ஷின் பக்கமே நின்றது. ஃபிராய்டு சொன்ன ஆசை துயருறும் பெரியவர்களிடமும் இருக்கும் என்பதைக் கண்டுகொள்ள அதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

இடையில் சந்தை வந்தது. 1890-இல் எடிசனின் நிறுவனம் வயிற்றுக்குள் சிறு ஃபோனோகிராஃப் பொருத்திய பேசும் பொம்மையை விற்றது. குரல் கரகரத்தது, கருவி எளிதில் பழுதானது, சில வாரங்களிலேயே விற்பனை நின்றது. 1960 வாக்கில் மாட்டெல் நிறுவனத்தின் ‘சாட்டி கேத்தி’ வெற்றி பெற்றது. கயிற்றை இழுத்தால் பேசும். அதற்குக் குரல் கொடுத்த ஜூன் ஃபோரேயே, 1963 நவம்பரில் ‘ட்வைலைட் ஸோன்’ தொலைக்காட்சித் தொடரில் மாற்றாந்தந்தையை மிரட்டிக் கொல்லும் ‘டாக்கி டீனா’ பொம்மைக்கும் குரல் தந்தார். 1988-இல் வந்த ‘சைல்ட்ஸ் ப்ளே’ படத்தில் தொடர் கொலைகாரன் ஒருவனின் உயிர் விற்பனைப் பொம்மைக்குள் புகுகிறது. மகனின் பிறந்தநாளுக்காக ஏழைத்தாய் அதை வாங்கி வருகிறாள். 1936-இல் டாட் பிரௌனிங் எடுத்த ‘டெவில் டால்’ தொடங்கி இந்த வரிசை முழுவதிலும் பொம்மைக்கு உயிர் கொடுப்பது பழிவாங்கலோ குற்றமோதான். பெற்றோர் ஏமாந்து வாங்குபவர்கள், அவ்வளவே.

பிள்ளையை இழந்த பெற்றோரின் திகில் தனி ஓடையாக ஓடியது. டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902-இல் எழுதிய ‘குரங்கின் பாதம்’ கதையில் இறந்த மகன் திரும்பி வரவேண்டும் என்று தாய் கணவரை வற்புறுத்தி வரம் கேட்கவைக்கிறாள். நிக்கலஸ் ரோயெக்கின் ‘டோன்ட் லுக் நவ்’ 1973-இல் வந்தது. ஸ்டீபன் கிங்கின் ‘பெட் செமட்டரி’ 1983-இல் நாவலாகவும் 1989-இல் படமாகவும் வந்தது. இவை மூன்றிலும் பொம்மைக்கு இடமில்லை.

இரண்டு ஓடைகளும் சேர்ந்த ‘அனபெல்: கிரியேஷன்’ கதைக்குள் யாரும் திட்டமிடாத ஒரு பொருத்தம் இருக்கிறது. பேய் ஆய்வாளர்களான எட், லொரெய்ன் வாரன் தம்பதியர் கனெக்டிகட் மாநிலத்தின் மன்ரோ ஊரில் தங்கள் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்த ‘அனபெல்’, படத்தில் வரும் பீங்கான் முகப் பொம்மை அல்ல. சிவப்புக் கம்பளிநூல் முடியும் முக்கோண மூக்கும் கொண்ட ‘ராகெடி ஆன்’ துணிப்பொம்மை. 1970 வாக்கில் ஒரு செவிலியர் மாணவியிடம் இருந்தது என்பது வாரன் தம்பதியர் சொன்ன கதை. அந்தக் கதையில் துயருறும் பெற்றோர் இல்லை.

ஆனால் ராகெடி ஆன் பொம்மையை உருவாக்கியவரின் வாழ்வில் அத்தகைய பெற்றோர் இருக்கிறார்கள். ஓவியர் ஜானி க்ரூவெல் இதன் வடிவமைப்புக்கு 1915 மே மாதத்தில் காப்புரிமை கோரினார், செப்டம்பரில் கிடைத்தது. நவம்பரில் அவருடைய 13 வயது மகள் மார்செல்லா இறந்தாள். பள்ளியில் போட்ட அம்மைத் தடுப்பூசியே காரணம் என்று தந்தை நம்பினார். மருத்துவர்கள் அதை ஏற்கவில்லை. இறந்த மகளின் நினைவாகவே அவர் இந்தப் பொம்மையைப் படைத்தார் என்று பரவலாகச் சொல்லப்படுவது தவறு என்பதைத் தேதிகளே காட்டுகின்றன. துயரம் பிறகு வந்து சேர்ந்தது. 1918-இல் வெளியான ‘ராகெடி ஆன் கதைகள்’ நூலில் பொம்மையின் சொந்தக்காரச் சிறுமிக்கு மார்செல்லா என்றே பெயர். மகளை இழந்த தந்தை, அவள் பெயர் கொண்ட சிறுமியின் கையில் அந்தப் பொம்மையைக் கொடுத்து ஊர் முழுக்கப் படிக்கவைத்தார். நூறாண்டுக்குப் பிறகு திரைக்கதையாசிரியர் கேரி டௌபர்மன், மகளை இழந்த பொம்மைக் கைவினைஞர் ஒருவரைக் கற்பனையில் படைத்தார். க்ரூவெலிடம் கதைகளும் வாசகர்களும் இருந்தார்கள். மலின்ஸிடம் பூட்டிய வீடு மட்டுமே இருந்தது.

தனிமை என்ற இந்தக் கூறை 2016-இல் வில்லியம் பிரெண்ட் பெல் இயக்கிய ‘தி பாய்’ இன்னும் அப்பட்டமாகக் காட்டியது. ஒதுக்குப்புற ஆங்கிலேய மாளிகையில் முதிய தம்பதியர் ஆளுயரப் பீங்கான் பொம்மையை மகன் பிராம்ஸ் என்று வளர்க்கிறார்கள். காலையில் எழுப்பு, ஆடை மாற்று, பாட்டுப் போடு, தூங்குமுன் முத்தமிடு என்று தாதிக்கு விதிப்பட்டியல் தருகிறார்கள். யொருபா தாய் செய்வதும் இதே பணிவிடைகள்தான். அவளுடையதை ஊர் அறிந்திருந்தது, இவர்களுடையது ஒளித்துவைக்கப்பட்டது. படம் இறுதியில் பேயைக் கைவிட்டு, சுவருக்குள் ஒளிந்து வாழும் மனிதனைக் காட்டுகிறது. அங்கே துயரத்தின் கனம் குறைந்துவிடுகிறது என்பது என் குறை.

‘கிரியேஷன்’ ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலரில் எடுக்கப்பட்டு உலகெங்கும் முப்பது கோடிக்கு மேல் ஈட்டியது. அதன்பின் துயரமே பொம்மைப் படத்தின் உந்துவிசை ஆயிற்று. ஆனால் துயருறுபவர் மாறினார். 2019-இன் ‘அனபெல் கம்ஸ் ஹோம்’ படத்தில் இறந்த தந்தையோடு பேசத் துடிக்கும் பெண் பொம்மை அறையைத் திறக்கிறாள். 2022-இன் ‘மேகன்’ படத்தில் விபத்தில் பெற்றோரை இழந்த சிறுமிக்கு இயந்திரப் பொம்மை துணையாகிறது.

பெற்றோரிடம் கதையை மீட்டுத் தந்தது ஜப்பான். ஷினோபு யாகுச்சியின் ‘டால்ஹவுஸ்’ 2025-இல் வந்தது. ஐந்து வயது மகளை இழந்த தாய் பழம்பொருள் சந்தையில் அவள் சாயலில் ஒரு பொம்மையைக் கண்டு வாங்கி வளர்க்கிறாள், மெல்லத் தேறுகிறாள். மறுபடி ஒரு பெண் பிறந்ததும் பொம்மை கவனிப்பாரற்றுப் போகிறது. அந்தக் குழந்தை வளர்ந்து அதைக் கையில் எடுக்கும்போது தொல்லை தொடங்குகிறது. எறிந்தாலும் அது திரும்பி வருகிறது. டோக்கியோவின் மெய்ஜி கோயிலில் ஆண்டுதோறும் பழைய பொம்மைகளைக் கொண்டுவந்து ஒப்படைத்து நன்றிசொல்லி அனுப்பும் விழா நடக்கிற நாடு ஜப்பான். துயர் தணித்த பொம்மைக்கு உரிய விடை கொடுக்கவேண்டும் என்பதை அந்தப் பார்வையாளர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதனால் படத்தின் அச்சம் அவர்களுக்கு முதல் பேய்க்காட்சிக்கு வெகுமுன்பே, பொம்மை மறக்கப்படும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது.