ஒளியைப் பாடமாக்கியவர்கள்

திருப்பூரில் பனியன் துணிக்கு ஷேடு பார்க்கிற இடத்திலெல்லாம் ஒரு லைட் பாக்ஸ் இருக்கும். "ஏனுங்க சார், டியூப் லைட்டுல பாத்தா ஒரு கலரு, வெயில்ல பாத்தா வேற கலருங்க" என்று செக்கிங்கில் இருக்கும் அக்கா சொல்வது எனக்கு அன்றாடக் கவலை. ஒரே துணியை ஒளி வேறாக்கிக் காட்டும் என்பதை நான் கற்றது இப்படித்தான். நியாயமாக, மாணவனாக இருந்தபோதே கற்றிருக்க வேண்டும்.

நம் கல்லூரி ஆண்டு விழா நாடகத்தில், எலெக்ட்ரிகல் மாணவன் என்பதால் சுவிட்ச் போர்டை என்னிடம் கொடுத்தார்கள். அம்மா சாகிற காட்சியில் எல்லா விளக்கையும் பளிச்சென்று எரியவிட்டேன். "கல்யாண மண்டபம் மாதிரி இருந்துச்சுடா" என்றான் அறை நண்பன். அந்த வெட்கம்தான் பிற்பாடு தாபஸ் சென்னின் வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது.

1924-இல் பிறந்து தில்லியில் வளர்ந்தவர் தாபஸ் சென். கல்கத்தா மேடைதான் அவருடைய களம். 1954-இல் சம்பு மித்ராவின் 'பஹுரூபி' குழு அரங்கேற்றிய தாகூரின் 'ரக்தகரபி' நாடகத்துக்கு அவர்தான் ஒளியமைப்பு.

1959-இல் மினர்வா தியேட்டரில் உத்பல் தத்தின் 'அங்கார்'. நிலக்கரிச் சுரங்கத்தில் தீ. சொத்தைக் காப்பாற்ற, உள்ளே ஆட்கள் இருக்கும்போதே முதலாளிகள் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். மேடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. தாபஸ் சென்னின் ஒளியும் ரவிசங்கரின் இசையும் ஒலியும் சேர்ந்து, வெள்ளம் ஏறித் தொழிலாளர்களை மூழ்கடிப்பதை ஜனங்களின் கண்முன் கொண்டுவந்தன. அதை வெறும் வித்தை என்று என்னால் சொல்ல முடியவில்லை. சாகிறவர்கள் யார் என்பதை அந்த ஒளி மறக்கவிடவில்லை. 2006-இல் அவர் மறையும்வரை அந்தக் கலையைப் பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டவர்கள் பலர்.

இதை வகுப்பறைப் பாடமாகவும் ஆக்கலாம் என்று காட்டியவர் அமெரிக்காவின் ஸ்டான்லி மெக்கான்ட்லெஸ். கட்டிடக்கலை படித்த அவர், யேல் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் மேடை ஒளியமைப்பைக் கற்பித்தார். நடிகரின் இரு பக்கமும் மேலிருந்து சாய்வாக ஒளி. ஒரு பக்கம் வெதுவெதுப்பான நிறம், மறுபக்கம் குளிர்ந்த நிறம். அப்போதுதான் முகம் தட்டையாகத் தெரியாது. 1932-இல் அவர் எழுதிய நூலின் சாரம் இதுதான். இத்தனை எளிய விதியை அன்று எனக்கு யாராவது சொல்லியிருந்தால்!

"இதெல்லாம் நமக்கெங்கே?" என்று கேட்க வேண்டாம். நவீன தமிழ் நாடகங்களுக்கு ஒளியமைத்துப் பேர் பெற்ற செ. ரவீந்திரன், தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த பேராசிரியர். இலக்கியம் படித்தவர் ஒளியைக் கையில் எடுத்தார். மின்சாரம் படித்த நாமோ சுவிட்சோடு நின்றுவிட்டோம்.

மாணவத் தம்பி தங்கைகளே, அடுத்த ஆண்டு விழாவில் விளக்குப் பொறுப்பை ஏற்பவர் முதலில் நாடகப் பிரதியை முழுசாகப் படியுங்கள். ஒத்திகைக்கு ஒரு நாள் தவறாமல் போய் உட்காருங்கள். எந்த இடத்தில் வெளிச்சம் வேண்டாம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய மாணவர் சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம்: அழைப்பிதழில் நடிகர் பெயர்களுக்குக் கீழே, விளக்கு போட்டவர் பெயரையும் அச்சிடுங்கள். ஒரு சனிக்கிழமை வந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்லித்தர நான் தயார். லைட் பாக்ஸையும் கூடவே எடுத்து வருகிறேன்.